நாற்பதைத் தாண்டாத கார்

கோவை விமான நிலையத்தை விட்டு வெளியே வந்த கொஞ்ச தூரத்திலேயே கார் இரண்டு தரம் விக்கியது. பிறகு வேகம் செத்துவிட்டது.

ஓட்டிக்கொண்டிருந்த தனபால் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். பின்சீட்டில் நதியா மேடம். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் துணி வாங்கித் தரும் சென்னை பையிங் ஆபீஸின் குவாலிட்டி அதிகாரி. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் அவன் நடத்தும் சின்ன பனியன் கம்பெனியைப் பார்த்து அவர் தலையாட்டினால்தான் நேரடி ஆர்டர். இல்லாவிட்டால் டெய்லர்கள் எல்லாம் வேறு கம்பெனி தேடிப் போய்விடுவார்கள். பேசி வைத்த வாடகைக் கார்க்காரர் காலையில் கைவிரித்துவிட்டதால், அப்பா காலத்துக் காரை எடுத்து வந்திருந்தான்.

எஞ்சின் விளக்கு மினுக்கியது. எவ்வளவு மிதித்தாலும் முள் நாற்பதைத் தாண்டவில்லை. ஏறியதும் கண்ணை மூடிக்கொண்ட மேடம் இப்போது திறந்துவிட்டார். தூக்கத்தைக் கெடுத்துவிட்டோமே என்று தனபால் நொந்துகொண்டான்.

"இதுக்கு மேல போகாதா?" என்றார் மேடம்.

"அதெல்லாம் பறக்குமுங்க மேடம்! ஒரே நிமிசம்."

ஓரமாக நிறுத்தி, மெக்கானிக் சென்னியப்பனுக்குப் போன் போட்டான்.

"அது பழைய கம்ப்யூட்டரு வண்டிங்க," என்றார் சென்னியப்பன். "எப்பத் தீப்பொறி அடிக்கோணும், எவ்வளவு பெட்ரோல் உடோணும்னு அதுதான் முடிவு பண்ணும். ஒரு சென்சார் தப்பாச் சொன்னாப் போதும், பயந்துக்கும். ஊடு போய்ச் சேந்தாச் சரின்னு ஒரே அளவா ஓட்டும். அப்படியே மெதுவா வாங்க."

"மேடத்தை வெச்சுக்கிட்டு மெதுவாவா? வேற வழி சொல்லுங்க!"

"பேட்டரி ஒயரக் கழட்டி மாட்டுனா மறந்துரும். ஆனாங்க..."

'ஆனா'வுக்குப் பிறகு என்ன என்று கேட்கத் தனபாலுக்குப் பொறுமை இல்லை. கழற்றி மாட்டினான். விளக்கு அணைந்தது. மிதித்தான். கார் பாய்ந்து எண்பதைத் தொட்டது.

"எப்படிங்க மேடம்?"

கண்ணாடியில் பார்த்தான். முன்சீட்டைக் கெட்டியாகப் பிடித்தபடி கண்ணை இறுக மூடியிருந்தார். நல்லவேளை, கோபம் தணிந்து தூங்குகிறார்.

கருமத்தம்பட்டி தாண்டுவதற்குள் விளக்கு மறுபடி எரிந்தது. மறுபடி நாற்பது. மேடம் கண்ணைத் திறந்தார். தனபாலுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடியும் நிறுத்தி, பழுதான சென்சார் இதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு ஒயரைப் பிடுங்கினான்.

அவ்வளவுதான். கார் கரும்புகை கக்கியது. பின்னால் வந்த லாரிக்காரர் எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனார்.

மறுபடி போன் போட்டதும் பைக்கில் வந்து சேர்ந்த சென்னியப்பன் தலையில் கைவைத்தார்.

"ஏனுங்க, சூடு பாக்கற சென்சாரப் போயி புடுங்கிட்டீங்களே! வெயில் மண்டையப் பொளக்குது. கம்ப்யூட்டரு ஊட்டிக் குளுருல நிக்கறதா நெனச்சு பெட்ரோல அள்ளி ஊத்துது."

"அப்ப எதுதான் கெட்டது?"

"எவ்வளவு மிதிக்கறீங்கன்னு சொல்ற சென்சாருங்க. நான் வாங்கியாறேன். நீங்க நாப்பதுலயே போங்க."

பிடுங்கிய ஒயரை அவர் மாட்டிவிட, நாற்பதிலேயே போனார்கள். மொபெட்டில் காய்கறி மூட்டை கட்டிய பெரியவர் ஒருவர்கூட முந்திக்கொண்டு போனார். மேடம் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தபடி வந்தார். ஆர்டர் போனது போனதுதான் என்று தனபால் முடிவு கட்டினான்.

கம்பெனியை மேடம் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் சென்னியப்பன் புது சென்சாரை மாட்டினார். தனபால் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். பழைய கார் குதிரையாகப் பறந்தது. திரும்பும்போதாவது மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

முன்பே கம்பெனிக்கு வந்து காத்திருந்த மேடத்தின் உதவியாளன் ராபின் வெளியே ஓடிவந்தான். தூத்துக்குடிப் பையன்.

"சார், மேடம் ஓகே சொல்லிட்டாவ. தையல் சுத்தமா இருக்காம்."

தனபாலுக்குக் கண் கலங்கியது. "வண்டியும் ரெடிங்க தம்பி! இனி நூறுல போலாம்."

ராபின் முகம் வெளிறியது.

"ஐயையோ சார், போன வருசம் ஆக்சிடென்டு ஆனதுக்குப் பொறவு மேடம் கார்ல கண்ணத் தொறந்துட்டு வந்ததே இன்னைக்குத்தானாம், தயவுசெஞ்சு பழையபடியே கெடுத்து வைங்க!"