அமெரிக்காவில் எஞ்சினைக் கழற்ற மாட்டார்கள்

கூச்ச சுபாவம் உள்ளவன் வாயைத் திறக்காமல் இருக்கிற வரைக்கும் ஊருக்கு ஒரு ஆபத்தும் இல்லை. என்றைக்காவது துணிந்து திறக்கிறான் பாருங்கள், அன்றைக்குத்தான் சினிமாக் கொட்டகைக்குள் மாடு புகுந்துவிடுகிறது. (பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே புகுந்தது. வண்டியோடு புகுந்தது.)

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். யாராவது பெயர் கேட்டால்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டுதான் "சூசை" என்பேன். அப்படிப்பட்ட நான், அறுபதுகளில் செஞ்சியில் அமெரிக்க விஷயங்களுக்கு ஒரு அத்தாரிட்டியாக இருந்தேன் என்றால் நீங்கள் நம்ப வேண்டும்.

காரணம் ராபர்ட். கோழி வளர்ப்பது எப்படி என்று நமக்குச் சொல்லிக்கொடுக்க அமெரிக்காவிலிருந்து வந்த இளைஞர். ஊரில் அவருக்குக் 'கோழித் துரை' என்று பெயர். நான் அவருக்குச் சமையல் செய்து போட்டேன். தமிழைப் புத்தகத்தில் படித்துக்கொண்டு வந்திருந்தார். "சூசை அவர்களே, நான் தேநீர் அருந்த விரும்புகிறேன்" என்பார். என்னை 'அவர்களே' என்று கூப்பிட்ட ஒரே மனிதர் இன்றுவரை அவர்தான்.

அவருடைய அம்மா மாதாமாதம் ஒரு கட்டுப் பத்திரிகை அனுப்புவார். அது கப்பலேறி வந்து சேருவதற்குள் அதிலுள்ள செய்தியெல்லாம் அங்கே மறந்தே போயிருக்கும். செஞ்சியில் அதுதான் சுடச்சுட. மாலை நேரத்தில் ராபர்ட் படங்களைக் காட்டி விளக்குவார். "என் தந்தை போரிலிருந்து திரும்பினார். தவணையில் வீடு வாங்கினார். தவணையில் கார் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டினார்." அவருடைய தகப்பனார் சரித்திரமே அவ்வளவுதான்.

நான் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். காகிதப் பெட்டியில் பால். வீட்டுக்குள்ளேயே சினிமா காட்டும் பெட்டி. வெண்ணெய் வைக்கத் தனி அறை உள்ள அலமாரி, அதற்குள் விளக்கு. எங்கே போனாலும் எதைப் பார்த்தாலும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் குடும்பம். ஒவ்வொன்றுக்கும் விலை கேட்டுத் தெரிந்துகொள்வேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. வாங்கவா போகிறேன்?

இப்படி இருக்கும்போது எனக்குப் பெண் பார்த்தார்கள். என் அக்கா செசிலிதான் எல்லா ஏற்பாடும். அனந்தபுரத்துப் பக்கம் சவரிமுத்து என்பவரின் ஒரே மகள் லூர்துமேரி. சவரிமுத்து மாமாவுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு வண்டி, உயிருக்கு உயிரான இரண்டு வெள்ளை மாடுகள். (எது முதலில், மகளா மாடா என்று கேட்டால் அவர் யோசித்துத்தான் பதில் சொல்வார்.)

போய் உட்கார்ந்தோம். காப்பி வந்தது, குடித்தேன். முறுக்கு வந்தது, சத்தம் வரும் என்று கடிக்காமல் ஊறவைத்துத் தின்றேன். மாமா என்னிடம் ஏதேதோ கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன்.

"இன்னா செசிலி, தம்பிக்குப் பேச வருமா வராதா?"

அக்கா சளைக்கவில்லை. "அமெரிக்காவப் பத்திக் கேளுங்க மாமா. அப்புறம் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டான்."

மாமா நம்பாமல்தான் கேட்டார். "ஏம்பா, அங்க முடி வெட்ட இன்னா வெல?"

"அங்க ஒரு தபா வெட்டுற காசுல இங்க வருசம் பூரா வெட்டிக்கலாம், மாமா."

"அடிசக்க! பாலு?"

"பால காயிதப் பொட்டில ஊத்தி விக்கறாங்க."

"ஒழுவாது?"

"ஒழுவாது. மெழுகு தடவியிருக்குது."

அவ்வளவுதான். மடை திறந்துகொண்டது. வீடு, கார், வீட்டுக்குள்ளேயே சினிமா காட்டும் பெட்டி எல்லாமே தவணையில்தான் என்றேன். "அப்ப நம்ம ஆளுங்கதான்னு சொல்லு" என்று மாமா சந்தோஷப்பட்டார். ராக்கெட்டில் மனுஷனை ஏற்றிப் பூமியைச் சுற்றிவர அனுப்பினார்கள் என்றேன். அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. வீட்டு வாசலில் புல்லை வளர்த்து, ஞாயிற்றுக்கிழமை வெட்டிக் குப்பையில் போடுவார்கள் என்று சொன்னபோதுதான் ஆடிப்போனார்.

"வெட்டி... தூக்கிப் போட்டுடறானா? மாடு?"

"மாடு இல்ல மாமா."

"பாவம்டா" என்றார். அந்தத் தேசத்துக்காக அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "அங்க சினிமாக் கொட்டா எப்டி இருக்கும்னு கேளு நைனா."

நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அங்கே ஒரு வகைக் கொட்டகைக்குக் கூரையே கிடையாது. பெரிய மைதானம், பெரிய திரை. காரை உள்ளே ஓட்டிக்கொண்டு போய்த் திரையைப் பார்த்து நிறுத்தி, குடும்பத்தோடு காருக்குள்ளேயே உட்கார்ந்து படம் பார்க்கலாம். ஒவ்வொரு காருக்கும் ஒரு சின்ன ஒலிபெருக்கி, ஜன்னலில் மாட்டிக்கொள்ள. தீனியைக்கூட அங்கேயே கொண்டுவந்து கொடுப்பார்கள்.

கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. பிறகு மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி: "நம்ம வண்டில உக்காந்து பாத்தா ஆவாதா?"

அந்த ஒரு வார்த்தைக்காக நான் அமெரிக்காவையே பெயர்த்துக்கொண்டு வந்து செஞ்சியில் வைத்திருப்பேன். கிட்டத்தட்ட அதைத்தான் செய்தேன்.

அடுத்த வாரம் மாமா மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மூட்டை ஏற்றிக்கொண்டு செஞ்சிச் சந்தைக்கு வருவதாகவும், குடும்பமும் கூட வருவதாகவும் சேதி வந்தது. அதற்கடுத்த ஞாயிறு பாக்கு மாற்றி நிச்சயம் செய்துகொள்வதாக ஏற்பாடு. நான் நேராக டூரிங் கொட்டகை மேனேஜரிடம் போனேன். (நான், தானாக, ஒரு மனிதரிடம் போய்ப் பேசினேன். காதல் என்றால் சும்மாவா?) நாற்காலி வகுப்புக்குப் பின்னால் தட்டியை எடுத்துவிட்டால் ஒரு வண்டி நிற்க இடம் இருக்கும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாட்டுக்குத் தரை டிக்கெட்டா, பெஞ்சு டிக்கெட்டா?"

கடைசியில் ராபர்ட்டின் கோழிப்பண்ணை முட்டையில் ஒரு கூடை நான் கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னதும் சம்மதித்தார். ஜன்னல் ஒலிபெருக்கிக்கு என்ன செய்வது? ஆட்டம் தொடங்குமுன் வெளியே பாட்டுப் போடுகிற குழாய் ஒன்று இருந்தது. ஆபரேட்டரைக் கெஞ்சி, அதை வண்டிக்குப் பக்கத்துக் கம்பத்தில் கட்டவைத்தேன். வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கேட்டார். "வண்டியப் பாத்து" என்றேன். பத்திரிகைப் படத்தில் அப்படித்தான் இருந்தது.

அன்று மாலை முதல் ஆட்டத்துக்கு வண்டி வந்தது. கூண்டைக் கழற்றி, வைக்கோல் பரப்பி, ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். லூர்துமேரி, அவள் அம்மா, செசிலி அக்கா மூவரும் ஏறி உட்கார்ந்தார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் படத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். முறுக்குக்காரர் வண்டியைத் தேடியே வந்து தட்டை நீட்டினார். எல்லாம் அச்சாக அமெரிக்கா.

மாமா இறங்கி நுகத்தடியில் கை வைத்தார். "மாட்ட அவுத்து அந்தாண்ட கட்டிட்டு வண்டிக்கு முட்டுக் குடுத்துடறேன்."

விவரம் தெரிந்த யாரும் அதைத்தான் செய்வார்கள். எனக்கோ பத்திரிகைப் படம் கண்ணிலேயே நின்றது. காருக்கு முன்பக்கம் என்று ஒன்று இருந்தது. வண்டிக்கு மாடுதானே முன்பக்கம்? மாடு இல்லாமல் முட்டுக்கொடுத்து நிற்கிற வண்டி, ரிப்பேருக்கு நிற்கிற வண்டி மாதிரி அல்லவா இருக்கும்? பிறந்ததிலிருந்து யாரையும் எதிர்த்துப் பேசாத நான் அன்றைக்குப் பேசினேன்.

"வாணாம் மாமா. அமெரிக்காவுல எஞ்சினக் கயட்டமாட்டாங்க."

மாமா என்னைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். அமெரிக்கா தெரிந்த பிள்ளை சொல்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ, ஏறி உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் ஓரமாகத் தொற்றிக்கொண்டேன்.

ராஜா ராணிப் படம். முதல் பாதி முழுக்கப் பேச்சு. மாடுகள் எங்களைவிட ஒழுங்காக நின்று பார்த்தன. லூர்துமேரி ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாழ்க்கையில் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது. அந்த நேரம் பார்த்து ராஜா போர் தொடுத்தார்.

முரசு, கொம்பு, அதற்குமேல் நூறு யானை ஒன்றாகப் பிளிறுகிற சத்தம். அத்தனையும் மாட்டின் காதுக்கு ஒரு முழத்தில் இருந்த குழாய் வழியாக வந்தது.

மாடுகள் நடுவழியில் பாய்ந்தன. லூர்துமேரி வண்டியில் எழுந்து நின்று, "எந்திரிங்க! மாடு வருது, எந்திரிங்க!" என்று அலறிய அலறலில்தான் தரை டிக்கெட் மொத்தமும் இரண்டாகப் பிளந்து ஒதுங்கியது. மாதா புண்ணியத்தில் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. சோடாப் பெட்டி மட்டும் போனது. அவசரத்தில் ஒருவர் இன்னொருவர் மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடியதாகப் பிற்பாடு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் மாமாவின் வெள்ளைப் பனியன்தான். புரொஜெக்டர் வெளிச்சத்தில் யானைகளும் குதிரைகளும் அவர் முதுகின்மேல் போய்க்கொண்டிருந்தன. அடுத்த கணம் திரை கிழிந்தது. நாங்கள் மறுபக்கம் இருந்தோம்.

கிழிந்த திரை கொம்பில் தொங்க, வண்டி கோட்டைச் சாலையில் ஓடி, ராஜகிரி மலை அடிவாரத்துக் கரம்பு நிலம் ஒன்றில் தானாக நின்றது. மாமா இறங்கினார். முதலில் மாட்டின் கால்களைத் தடவிப் பார்த்தார். அப்புறம் மனைவியை, மகளை, என் அக்காவை. கடைசியாக என்னிடம் வந்தார்.

"பாக்கும் வாணாம், ஒண்ணும் வாணாம். நீ அமெரிக்காவுலயே பொண்ணு பாத்துக்கோ மாப்ள."

நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அழாத குறை. செசிலி அக்கா மட்டும் யோசித்துக்கொண்டே வந்தாள். "ஏன்டா, அந்தக் கோவத்துலயும் மாப்ளன்னுதான சொன்னாரு?"

மறுநாள் ராபர்ட்டிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு வருத்தத்தோடு, "சூசை அவர்களே, நான் அத்தகைய அரங்குக்கு ஒரே ஒரு முறை சென்றேன். மழை பெய்தது. எதுவும் தெரியவில்லை" என்றார். உள்ளே போய், அவர் அம்மா அனுப்பிய படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளைத் துணி, ஓரமெல்லாம் சின்னச் சின்ன நீலப் பூ.

அவற்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனால், மாமா எனக்கு முன்பே வந்து மேனேஜர் எதிரில் நின்றிருந்தார். "எம் மாடு கிழிச்சிது. எம் பொண்ணு தெச்சிக் குடுப்பா" என்றார். அவரல்லவா மனிதர்! லூர்துமேரி ஊசி நூலோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். விரிப்புகளைக் கிழிசலில் வைத்துத் தைக்க ஒரு முனையை யாராவது இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. மாமா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். நான் பிடித்தேன்.

ஒரு விரிப்பின் ஓரம் பூராவும் தைத்து முடித்தாள். பிறகு அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"வண்டில உக்காந்து பாக்கலாம்னு சொன்னது நான்தான? நைனா அம்மாம் திட்டினாரே, அத ஏன் நீங்க சொல்லல?"

அவளைக் காட்டிக்கொடுக்க மனசில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் நல்லவன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மையில் எனக்கு அப்போது பேச்சு வரவில்லை. "வாய் வரல" என்றேன்.

அவள் சிரித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். எழுந்து நேராக மாமாவிடம் போனாள். தூரத்தில் அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. மாமா இடுப்பில் கைவைத்து நின்று என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு கொட்டகை முழுக்கக் கேட்கும்படி, "ரெண்டும் ஒரே கிறுக்கு. இதுங்கள வேற வேற வூட்ல குடுத்தா ரெண்டு வூடு கெடும்" என்றார்.

பாக்கு மாற்றினோம். அந்தக் கொட்டகை வேறு ஊருக்குப் பெயர்ந்து போகும்வரை, செஞ்சியில் எந்தப் படம் ஓடினாலும் கதாநாயகியின் கன்னத்தில் நீலப் பூ இருந்தது. கல்யாணத்தன்று பெண்ணை அழைத்து வந்த வண்டியின் மாடுகளை மாமா தெருக்கோடியிலேயே அவிழ்த்துக் கட்டினார். பேண்டு வாத்தியக்காரரிடம், "மாப்ள எதுனா சொன்னா கேக்காத" என்று எச்சரிக்கை வேறு.

ராபர்ட் திரும்பிப் போனார். எனக்கும் தலை நரைத்துவிட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது புதிதாக ஒரு யோசனை சொன்னால், லூர்துமேரி அடுப்படியிலிருந்தே கேட்பாள்: "மொதல்ல எஞ்சினக் கயட்டியாச்சா?" என் மகன் மருந்துக்கடை வைக்கப் போகிறேன் என்றபோதும் அதைத்தான் கேட்டாள்.

போன வருஷம் வீட்டில் டிவி வாங்கினோம். தவணையில்தான். அதைப் பார்க்க அனந்தபுரத்திலிருந்து மாமா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். இப்போது வேறு ஜோடி மாடுகள், அவருக்கும் கண் அவ்வளவாகத் தெரியாது. மாட்டைத் தெருக்கோடிப் புளியமரத்தில் கட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்குள்ளேயே சினிமா காட்டும் பெட்டி. அன்றைக்கு நான் சொன்னது. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வழக்கம்போல வாய் வரவில்லை.

மாமா என் தொடையில் தட்டினார்.

"மாடு தூரமாத்தான் இருக்குது மாப்ள. நீ தெகிரியமாப் பேசு."