ஆள் வருது

தமிழ்நாட்டில் வரிசையில் நிற்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் செங்கல் அண்ணாச்சி. மற்றபடி நாமெல்லாம் முண்டியடிக்கிறோம், நிற்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

எண்பதுகளில் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி ஆலையில் நான் குமாஸ்தா. அண்ணாச்சி அங்கே தறி மெக்கானிக். அவருடைய நிஜப் பெயரை வருகைப் பதிவேட்டில் தினமும் நான்தான் எழுதினேன். இன்று அது மறந்துவிட்டது. செங்கல் மறக்கவில்லை.

எங்கள் ஊரில் மண்ணெண்ணெய் வாங்க ஆள் நிற்க வேண்டியதில்லை, தகரம் நிற்கும். ரேஷன் கடையில் பை நிற்கும். குழாயடியில் குடம் நிற்கும். நாம் வீட்டுக்குப் போய்க் குழம்பைக் கூட்டி வைத்துவிட்டு வரலாம். பை காற்றில் பறக்கும், தகரம் களவு போகும் என்பதால் அண்ணாச்சி செங்கல்லுக்கு மாறினார். சூளையில் அரைநாள் உட்கார்ந்து, மூலை உடையாத கல்லாகப் பொறுக்கியெடுத்தார். வெள்ளைப் பெயிண்டில் அதன்மேல் 'ஆள் வருது' என்று எழுதி, ஒயர் கூடையில் சுமந்து திரிந்தார். ரேஷன் கடை, பல் ஆஸ்பத்திரி, மின்சார ஆபீஸ் எல்லாவற்றுக்கும் கல் முன்னால் போகும், அவர் பின்னால் வருவார். சலூனில் ஒருநாள் முடிவெட்டுகிறவர் பேப்பர் படித்தபடியே நாற்காலியில் இருந்த கல்லின்மேல் துணியைப் போர்த்திவிட்டார் என்றுகூட ஒரு பேச்சு உண்டு.

அண்ணாச்சி ஒரு சட்டமும் வைத்திருந்தார்.

"கல்லு இருந்தா ஆள் இருக்கு. கல்லு இல்லைன்னா ஆள் இல்லை. அம்புட்டுத்தான்."

இத்தனை வரிசைகளும் அவருக்கு ஒத்திகைதான். அசல் வரிசை ஒரு நடிகருக்கானது. நடிகரின் பெயர் வேண்டாம். அவருடைய ரசிகர்கள் இன்னும் திடகாத்திரமாக இருக்கிறார்கள்.

அண்ணாச்சியின் வாலிபத்தில் அந்த நடிகர் பிளவக்கல் அணைக்குப் படப்பிடிப்புக்கு வந்திருந்தார். அண்ணாச்சி சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், விடியற்காலையிலிருந்து நின்று, சாயங்காலம் நோட்டை நீட்டினார். காரில் ஒரு காலை வைத்திருந்த நடிகர் சொன்னார்: "நாளைக்கு வாங்க, போட்டுத் தாரேன்." மறுநாள் போனால் அணை இருந்தது. படப்பிடிப்பு மூட்டை கட்டிப் போயிருந்தது.

நாமாக இருந்தால் கோபப்பட்டிருப்போம். அண்ணாச்சி இரக்கப்பட்டார்.

"பாவம்லே அவிய. வாக்குக் குடுத்துட்டோமே, அந்தப் பய வந்து ஏமாந்திருப்பானேன்னு உறுத்திக்கிட்டே இருக்கும்லா? நம்ம நேர்ல போயி, 'பரவால்ல சார், இப்பப் போடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னாத்தானே அவியளுக்கும் நிம்மதி."

"அவர் எப்பவோ மறந்திருப்பார் அண்ணாச்சி."

"நீ மறப்பியா?"

"நான் மறந்துடுவேன்."

"அதான் குமாஸ்தாவா இருக்கே."

நடிகரின் படம் எது வந்தாலும் முதல் காட்சிக்குப் போவார். திரையில் நடிகர் அழுதால் என் தொடையில் ஓங்கி அடிப்பார். "பாத்தியா, இது நடிப்பு இல்லலே." அந்த நோட்டின் முதல் பக்கத்தில் மேலே 'நாளை' என்று எழுதி, கீழே வெறுமையாக விட்டிருந்தார். இரண்டாம் பக்கம் தொடங்கி ஒரு வில்லன், இரண்டு நகைச்சுவை நடிகர்கள், ஒரு சர்க்கஸ் மேனேஜர், ஆலைக்கு மிஷின் மாட்ட வந்த சிவப்பான ஒரு இன்ஜினியர் ஆகியோரின் கையெழுத்துகள். முதல் பக்கம் மட்டும் பன்னிரண்டு வருடமாகக் காத்திருந்தது.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ரசிகர் மன்ற மாநாடு வந்தது. நடிகரே வருகிறார், மன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுகிறார், பிறகு பந்தலில் உட்கார்ந்து முதல் ஐம்பது பேருக்குக் கையெழுத்துப் போடுகிறார் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள்.

முதல் பஸ்ஸிலேயே போய்விட்டோம். உலக இலக்கியமெல்லாம் படித்துக்கொண்டிருந்த காலம் அது. நான் போனது கையெழுத்துக்காக அல்ல, வெகுஜன மனநிலையை ஆராய. ஆராய்ச்சிக்கு உதவியாக இருக்கட்டும் என்று சட்டைப் பையில் புது நோட்டு ஒன்றையும் பேனாவையும் வைத்திருந்தேன்.

அண்ணாச்சியின் கல் நான்காவது இடத்தைப் பிடித்தது. நல்ல நாளாயிற்றே என்று அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு துண்டு மல்லிகையும் சுற்றியிருந்தார். அதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் செருப்பு, குடை, டிபன் கேரியர் என்று வைக்கத் தொடங்கினார்கள். பத்து மணிக்குச் சாமான்களெல்லாம் வெயிலில் ஒழுங்காக நின்றன. மனிதர்களெல்லாம் டீக்கடையில் நின்றார்கள். நான் மட்டும் ஆராய்ச்சியை முன்னிட்டு ஐந்தாவதாக நேரிலேயே நின்றேன். தேவதானத்திலிருந்து வந்த ஒருவர் எனக்குப் பின்னால் தேங்காய் வைத்தார். அது உருண்டுவிட்டது.

"கடைசிக்குப் போங்கண்ணே," என்றார் அண்ணாச்சி.

"ஏன்யா, இந்தா நான் நிக்கேன்லா?"

"நீங்க நிக்கிய. தேங்கா நிக்கலையே."

தேவதானத்துக்காரர் அண்ணாச்சியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடைசிக்குப் போனார். ஆனால் ஒவ்வொருவரிடமாகப் பேசிப் பேசி மதியத்துக்குள் எனக்குப் பின்னாலேயே திரும்பி வந்துவிட்டார்.

நடிகர் வந்தார். குழி தயார், வெள்ளிக் கரண்டி தயார், சிமெண்டுக் கலவை தயார். கல் தயாராக இல்லை. யாரோ ஒரு ரசிகர் நடிகரை எட்டிப் பார்க்க அடிக்கல்மேல் ஏறி நின்றதில் அது இரண்டாகியிருந்தது. கட்டடத்துக்கு வேறு கல் வாங்கவில்லை. மன்றத்திடம் இருந்தது அந்த ஒரு கல்தான்.

நெஞ்சில் பேட்ஜ் குத்திய செயலாளர் எங்களை நோக்கி ஓடிவந்தார். "ஒரு முழுக் கல்லு வேணும்யா! அவிய கரண்டியோட நிக்காவ!"

மஞ்சள் குங்குமத்தோடு, மல்லிகையோடு, இதற்கென்றே பிறந்ததுபோல் உட்கார்ந்திருந்தது அண்ணாச்சியின் செங்கல்.

"குடுக்காதீங்க," என்று நான் காதில் சொன்னேன்.

அண்ணாச்சி வெயிலில் நின்ற நடிகரைப் பார்த்தார். "எம்புட்டு நேரம்லே அம்புட்டுப் பேர் முன்னால முழிச்சிக்கிட்டு நிப்பாவ?" நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, கல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார்.

நடிகரே அதை வாங்கினார். 'ஆள் வருது' என்பதைப் படித்துவிட்டுச் சிரித்தார். தனக்கு எழுதிய வரவேற்பு என்று நினைத்துவிட்டார். "பிரமாதமா எழுதியிருக்கீங்க" என்று அண்ணாச்சியின் தோளில் தட்டினார். கூட்டம் விசிலடித்தது. பன்னிரண்டு வருடமாக மனப்பாடம் செய்த 'பரவால்ல சார்' அண்ணாச்சியின் வாயிலிருந்து வரவில்லை. வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது தேவதானத்துக்காரர் தேங்காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"கல்லு எங்க அண்ணாச்சி?"

"குழிக்குள்ள."

"அப்ப ஆள் இல்லை."

அண்ணாச்சி கையில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தார். "நியாயம்தான்," என்றார்.

"நோட்டு எங்கிட்ட இருக்கட்டும் அண்ணாச்சி, நான் வாங்கித் தாரேன்," என்றேன்.

"நீ வாங்கினா, அது நான்தான்னு அவியளுக்கு எப்படிலே தெரியும்?" நோட்டைப் பிடுங்கிக்கொண்டு இருநூறு பேரைத் தாண்டிக் கடைசிக்கு நடந்தார். நான் கூடப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆராய்ச்சி பாதியில் இருந்தது.

நான்காவது ஆளாக எனக்குக் கையெழுத்துக் கிடைத்தது. முப்பது பேர்கூட ஆகியிருக்காது, கூட்டம் மூங்கில் தடுப்பைச் சாய்த்துவிட்டது. நடிகரைக் காரில் ஏற்றினார்கள். கண்ணாடியை இறக்கி எல்லாருக்கும் பொதுவாகக் கையசைத்து, "அடுத்த தடவை கண்டிப்பா!" என்றார். புழுதி அடங்கியபோது கடைசியில் அண்ணாச்சி மட்டும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

"கேட்டியாலே? இப்ப வாக்கு ரெண்டாச்சு," என்றார். "எப்படித்தான் தூங்குவாவளோ."

பஸ்ஸில் நான் என் நோட்டை வெளியே எடுக்கவில்லை. ராஜபாளையத்தில் இறங்கும்போது அவரே கேட்டார்.

"உனக்குப் போட்டாவளா?"

"போட்டாங்க."

"போடும்போது கை நடுங்குச்சா?"

நடிகர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், பக்கத்திலிருந்தவரிடம் மோர் கேட்டுக்கொண்டே போட்டார். "லேசா நடுங்குச்சு அண்ணாச்சி," என்றேன்.

"நெனச்சேன்," என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணாச்சி மகனோடு திருப்பூருக்குப் போனார். பஸ் ஸ்டாண்டில் ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கல் இல்லாத கூடை. "அடுத்த மாசம் கண்டிப்பா வாரேன் அண்ணாச்சி," என்று சொன்னேன். அடுத்த மாதம் ஆலையில் வேலை அதிகம். அதற்கடுத்த மாதம் காய்ச்சல். இப்படியே ஐந்தாறு வருடம் ஓடியபிறகு, இனி வரத் தேவையில்லை என்று ஒரு கார்டு வந்தது, மகன் எழுதியிருந்தார். வாக்குக் கொடுத்தவனுக்கு உறுத்துமா என்ற விஷயத்தில் இப்போது என்னிடம் சொந்த ஆராய்ச்சியே இருக்கிறது.

மன்றக் கட்டடம் எப்படியோ எழும்பிவிட்டது. மன்றம்தான் கலைந்துவிட்டது. போன வாரம் அங்கே வாக்காளர் அட்டைக்குப் படம் எடுத்தார்கள். உறவினர் ஒருவருக்குத் துணையாகப் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தேன். நான் எந்த வரிசையிலும் அப்படித்தான். பின்னாலிருந்து ஒருவர் முதுகைத் தட்டினார்.

"சார், முன்னால தள்ளுங்க. இடம் சும்மாத்தானே கெடக்கு?"

நான் காலடியில் தரையைப் பார்த்தேன்.

"ஆள் வருது," என்றேன்.