தாய் மோட்டாரும் மூன்று பிள்ளைகளும்

“தம்பி, பெல்ட்டு ரிவர்ஸ்ல ஓடுது!”

தேங்காய்த்திட்டு ஐஸ் ஃபாக்டரி முதலாளி உத்திராபதி கத்தினார். கிரஷருக்குப் போய் நொறுங்க வேண்டிய ஐஸ் பாளங்கள் திரும்பி வந்து, வேலைக்காரி முத்தம்மாளின் காலடியில் விழுந்துகொண்டிருந்தன. வாசலில் படகுக்காரர்கள் இறால் பெட்டிகளோடு நின்றார்கள்.

கோபிநாத் லேப்டாப்பைத் திறந்தான். சுவரிலிருந்த பழைய சுவிட்சுக்குப் பதிலாக இயந்திரங்களை ஓட்ட அவன் எழுதிய புரோகிராம், புதிய கன்ட்ரோல் பெட்டி வழியாக அன்றைக்குத்தான் முதல்முறையாக ஓடுகிறது. தண்ணீர் பம்பு, பெல்ட், கிரஷர் என்று தனித்தனியாக எழுதுவதை அவன் கேவலமாக நினைத்தான். ‘மோட்டார்’ என்று ஒரு தாயை எழுதி, மூன்றையும் அதன் பிள்ளைகளாக்கியிருந்தான். தாயில் எழுதுவது மூன்றுக்கும் தானாகப் போய்ச் சேரும்.

“ஒரே வரி சார். தாயில மாத்திட்டா முடிஞ்சுது.”

மாற்றினான். பெல்ட் நேராக ஓடியது. கிரஷரும் தாய் சொல்லைத் தட்டாமல் தலைகீழாகச் சுற்றி, ஐஸை வாரி இறைத்தது. முதலாளியின் வெள்ளைச் சட்டை தெப்பமாக நனைந்தது.

“யார் கண்ணையாவது குத்திடப் போவுதுய்யா!”

கிரஷர், பம்பு இரண்டின் சுற்றையும் தனியாகச் சரிசெய்துவிட்டு, ‘மூடி திறந்திருந்தால் ஓடாதே’ என்று ஒரு விதியையும் சேர்த்தான். பழக்க தோஷம், அதையும் தாயிலேயே சேர்த்துவிட்டான்.

மூடியை மூடியதும் கிரஷர் ஒழுங்காக ஓடியது. பம்பும் பெல்ட்டும் நின்றுவிட்டன. அவற்றுக்கு ஏது மூடி? இல்லாத மூடியை யாராவது மூடட்டும் என்று இரண்டும் காத்திருந்தன.

“எறா நாறுது!” படகுக்காரர் தெய்வசிகாமணி உள்ளேயே வந்துவிட்டார். “இன்னாதான்யா கோளாறு?”

“தாய் சொல்றத மூணு புள்ளைங்களும் கேக்குதுங்க.”

“எங்க ஊட்லயும் மூணு இருக்கு. ஒண்ணும் கேக்காது. நாங்க நல்லாத்தான இருக்கோம்?”

கோபிநாத் மறுபடியும் லேப்டாப்பில் குனிந்தான். பம்புக்கும் பெல்ட்டுக்கும் கற்பனையாக ஆளுக்கொரு மூடி செய்து, அவை மூடியே இருப்பதாக எழுதி, கண்ணை மூடிக்கொண்டு என்டரைத் தட்டினான்.

தட்டியதும் மூன்றும் ஒன்றாக ஓடின! ஐஸ் தூளாகக் கொட்டியது. பெட்டிகள் நிரம்பி, படகுக்காரர்கள் கிளம்பிப் போனார்கள்.

“கெட்டிக்காரன்பா! உப்பளத்து ஃபாக்டரிக்கும் நீயே இதப் போட்டுக் குடு,” என்று முதுகில் தட்டிவிட்டு, முதலாளி சட்டை மாற்றப் போனார்.

கோபிநாத் பெருமையாக லேப்டாப்பை மூடினான். முத்தம்மாள் மெல்லக் கிட்டே வந்தாள்.

“மொதலாளி எதிர்ல சொன்னா ஒங்களுக்கு அசிங்கம்னு இருந்தேன் தம்பி. எறா கெட்டுடப் போவுதேன்னு, நீங்க கண்ண மூடிக்கிட்டு தட்டுனப்ப, ஒங்க கன்ட்ரோல் பொட்டிய நிறுத்திட்டு நான்தான் செவுத்துல இருக்கற பழைய சுவிச்சப் போட்டேன்.”