உட்கருவில் எறும்பு

உட்கருவை எறும்புகள் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

"லட்டு வேண்டாம்னு அப்பவே சொன்னேம்லா?" என்றாள் ஸ்வாதி. எட்டாம் வகுப்பு. உயிர் செல்லின் மாதிரி ஒன்று செய்துவரச் சொல்லியிருந்தார்கள் பள்ளியில். அதில் உட்கருவுக்குக் கையில் கிடைத்த லட்டை வைக்கச் சொன்னது அப்பா.

அவள் அப்பா மந்திரமூர்த்தி, தென்காசி–சுரண்டை பஸ்ஸில் கண்டக்டர். சித்திரையில் மனைவி சுகந்தி இறந்தபிறகு, டிக்கெட் கேட்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடும். வீட்டுக்கு வந்தால் யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். எறும்புதான் அன்று அவரை எழுப்பியது.

மறுநாள் கடல்பாசி வாங்கிக் காய்ச்சினார். சைட்டோபிளாசம் கூழ்போல இருக்க வேண்டுமாம். தண்ணீர் கூடிவிட்டது. கிண்ணத்தைத் தூக்கியதும் சைட்டோபிளாசம் மொத்தமும் அவர் சட்டையில் இறங்கியது. திராட்சை ஒன்று பாக்கெட்டுக்குள் விழுந்தது.

"இது யாருட்டி?"

"மைட்டோகாண்ட்ரியா. செல்லுக்குச் சக்தி குடுக்கும்."

"அப்ப இஞ்சின். சுத்தி இருக்க சவ்வு?"

"எது உள்ள வரணும், எது வெளிய போகணும்னு பாத்துக்கிடும்."

"கண்டக்டர்னு சொல்லு."

ஸ்வாதி விழுந்து விழுந்து சிரித்தாள். தான் வேடிக்கையாகப் பேசியது அவருக்கே புதிதாக இருந்தது.

அடுத்த வாரம் தெர்மாகோல். செருப்பு ஒட்டும் பசைதான் கையில் கிடைத்தது. தடவிய இடமெல்லாம் தெர்மாகோல் உருகிப் பெரிய பொத்தல்.

"சவ்வுல ஓட்டை விழுந்தா செல் செத்துரும்ப்பா."

"செத்தா சாகட்டும், வேற செய்வோம்."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பொத்தல் விழுந்த தெர்மாகோலை எடுத்து வெளியே போட்டார்.

பிறகு ரப்பர் பந்தைப் பாதியாக அறுத்து, களிமண் நிரப்பினார். சாரல் காலம், மண் காயவில்லை. அடுப்பில் காட்டினார். பந்து சுருங்கி, தெருவே நாறியது. இன்னொரு பந்தை அறுத்தார். இந்த முறை மண் காயப் பல நாள் காத்திருந்தார்கள்.

உட்கருவுக்கு உருண்டை பிடிக்கும்போது கேட்டார், "இதுக்கு என்ன வேலை?"

"இதுதான் எல்லாத்தையும் நடத்தும்."

"இது இல்லாட்டி?"

"கொஞ்ச நாள் ஓடும்ப்பா."

அவர் உருண்டையைக் கையிலேயே வைத்திருந்தார். "உங்கம்மை..." என்று தொடங்கினார். கல்யாணமான புதிதில் ஐந்தருவியில் சுகந்தியின் செருப்பு ஒன்று தண்ணீரோடு போனதையும், அவள் மிச்சச் செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு ராணி மாதிரி பஸ் ஏறியதையும் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னவர் பாதியில் அழுதுவிட்டார். ஸ்வாதி அவர் முழங்காலில் தலைசாய்த்துக்கொண்டாள்.

காலையில் மாதிரியைப் பார்த்தவள், "கோல்கை உறுப்பு கோணலா இருக்கு, நாளைக்கு மாத்துவோம்ப்பா" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு பள்ளிக்குப் போனாள்.

பள்ளியில் கொடுத்த கெடு எப்போதோ தாண்டியிருக்குமே என்று அவருக்குப் பதற்றம். குடையைத் தனக்குப் பிடிக்காமல் செல்லுக்குப் பிடித்துக்கொண்டு, நனைந்தபடி பள்ளிக்கு நடந்தார். அறிவியல் ஆசிரியை கிறிஸ்டி வராந்தாவில் நின்றிருந்தார்.

"லேட்டாயிட்டு டீச்சர். புள்ளைக்கு மார்க்கைக் குறைச்சிராதிய. தப்பு பூரா எம்மேலதான்."

கிறிஸ்டி டீச்சர் செல்லைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இது போன மாசமே முடிஞ்சிட்டு அண்ணாச்சி, அவ படமா வரஞ்சு குடுத்து முழு மார்க்கும் வாங்கிட்டா, 'இதச் செய்யும்போதுதான் அப்பா எங்கூடப் பேசுதாவ, முடிஞ்சிட்டுன்னு மட்டும் சொல்லிராதிய டீச்சர்'னு எங்கிட்ட அழுதா."