அப்பாவின் ஒற்றை ஆள் பாத்திரம்

அதட்டுவதற்கென்றே அன்பு வைத்திருக்கும் அத்தைக்கு,

உங்கள் குட்டிச்சாத்தான் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கலாம்தான். ஆனால் அந்த 'எல்லோரும்' இப்போது இரண்டே பேர், அதிலும் ஒருவர் சரியாகப் பேசுவதில்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா? தேவலையென்றால் உடனே கிளம்பி வாருங்கள். இல்லையென்றால் நொண்டிக்கொண்டாவது வாருங்கள். உங்கள் தம்பி பத்து நாள் தனியாக மலைக்குப் போகிறாராம். அவர் பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான்.

அம்மா இருந்தவரை வருஷா வருஷம் ரெண்டு பேரும் முதுகில் பையும் சின்ன அடுப்புமாகப் போவார்களே, அந்த மலைதான். அம்மா போய் ஆறு மாசம்கூட ஆகவில்லை. அந்த நசுங்கின அலுமினியப் பாத்திரத்தையாவது எடுத்துப்போங்கப்பா என்றேன். "அது ரெண்டு பேருக்கானது" என்று அதை மேல் அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். ஒருத்தருக்கான, எடையே இல்லாத பாத்திரம்தான் வேண்டுமாம். தராசு ரிப்பேர் பார்க்கிறவருக்கு எடை குறைக்கிற பைத்தியம் பிடித்தால் எப்படியிருக்கும்? பல் பிரஷ் காம்பைப் பாதியாக அறுத்தார். சட்டைக் காலர் லேபிளை வெட்டினார். ஸ்பூனில் ஓட்டை போட்டார், சூப்பு ஒழுகினாலும் பரவாயில்லையாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன் அத்தை. அப்புறம் வீட்டுச் சாவியைத் தராசில் வைத்தார். பன்னிரண்டு கிராம். எடுத்து ஆணியில் மாட்டிவிட்டார்.

"சாவி வேணாமாப்பா?"

"நீ வீட்லதான இருப்ப, தொறக்க மாட்டியா?"

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். சிரிப்பு அங்கேயே நின்றுபோச்சு. திரும்பி வருகிற மனுஷனுக்குச் சாவி ஒரு பாரமா?

பாக்கி இருந்தது பாத்திரம் ஒன்றுதான். அது கிடைத்தால் மறுநாளே கிளம்பிவிடுவார். அதனால் கிடைக்காமல் பார்த்துக்கொண்டேன். தராசுத் தட்டுக்கு அடியில் தூண்டில் நூலைக் கட்டி, மேஜை விரிசல் வழியாக இறக்கி, என் கால் கட்டைவிரலில் முடிந்துகொண்டேன். முதலில் டைட்டானியப் பாத்திரம் வந்தது. பெட்டி நூறு கிராம் என்றது, என் விரல் நூற்றறுபது என்றது. "அட்டையில போட்டிருக்கறத எவன் நம்புவான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்து மடக்குக் கைப்பிடி வைத்தது, அதற்கடுத்து டம்ளரா பாத்திரமா என்று அதற்கே தெரியாதது, இப்படியே அஞ்சு போச்சு. கடைக்காரர், "சார், இனிமே காத்துல செஞ்சாத்தான் உங்களுக்குச் சரிப்படும்" என்று கும்பிட்டுவிட்டார். மூன்று வாரம் ஓட்டிவிட்டேன். விரல் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. நாளைக்கு ஆறாவது வருகிறது, கைப்பிடியும் இல்லை மூடியும் இல்லை. இதற்குமேல் இழுக்க என்னால் முடியாது, வந்து நீங்கள் இழுத்துப் பிடியுங்கள்.

மாமாவுக்கு வணக்கம். உங்கள் பூனைக்கு என் மன்னிப்பு, வாலில் ரிப்பன் கட்டியது நான்தான். சின்னவள் ஆசீர்வாதம் பண்ணக் கூடாதாம், இருந்தாலும் உங்கள் முழங்கால் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு, நீங்கள் வைத்த பெயரைக் காப்பாற்றிவரும்
குட்டிச்சாத்தான்

பி.கு.: வராதீர்கள். ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். ஆறாவது பாத்திரத்தைத் தராசில் வைத்தார், நான் இழுத்தேன். ரொம்ப நேரம் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிக்கவே மாட்டேங்குது பாத்தியா?"

"பழைய தராசுப்பா."

"இருபத்திரண்டு வருஷமா தராசு பாக்கறேன். நீ மூக்க உறிஞ்சுறப்பல்லாம் ரெண்டு கிராம் ஏறுற தராச இப்பத்தாம்மா பாக்கறேன். மொதப் பாத்திரத்துலயே தெரியும்."

"அப்ப ஏன்ப்பா அஞ்சையும் திருப்பிக் கொடுத்தீங்க?"

மேஜைக்கு அடியில் குனிந்து நூலை அவிழ்த்தார். நான் போட்ட முடிச்சு, லேசில் வரவில்லை. அப்புறம் அலமாரியைத் திறந்து நசுங்கின பாத்திரத்தை எடுத்துத் தராசில் வைத்தார். இருநூற்று நாற்பது.

"கனம்தான்," என்றார். "மூடி உன் பையில."

சாவி இப்போது அவர் பையில். அவசரப்பட்டு வந்தீர்களென்றால் பூட்டைத்தான் அதட்ட வேண்டியிருக்கும்.