இருபத்தொரு நாள் தெரியாக்கி

நிக்கொலஸுக்குக் கடல் அலுத்துவிட்டது. வெறுத்துவிட்டது என்று சொல்ல முடியாது. வெறுக்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். இருபத்தெட்டு வருடமாக, கிழமையில் ஆறு நாள், ஆலங்குடாக் கரையில் படகு தள்ளிய உடம்பு அது. இடுப்புக்குப் பின்னால் நாரி ஒரு பக்கம் போனால் கால் இன்னொரு பக்கம் போனது. சண்டைக் காலத்திலாவது, இன்றைக்குக் கடலுக்கு இறங்கக் கூடாது என்று இடைக்கிடை யாராவது வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். ஊர் முணுமுணுக்கும். நிக்கொலஸ் போய்ப் படுத்துவிடுவான். சமாதானம் வந்தது, தடை போனது, தடையோடு அவனுடைய லீவும் போனது.

வீட்டில் நிற்க ஒரு சாட்டு வேண்டும். நாரி நோகிறது என்று உள்ளதைச் சொல்ல வெட்கம். படகின் சொந்தக்காரன், நிக்கொலஸின் மனைவி பிரான்சிஸ்காவின் தம்பி நிரோஷன். வயது முப்பது, தோள் இரண்டும் தூண்கள். அவனுக்கு முன்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட முதுகு முறிந்து போகலாம் என்று நிக்கொலஸ் நினைத்தான்.

சாட்டு ஒரு கபானாவின் குசினியில் கிடைத்தது. பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் தங்கும் இடம் அது. அங்கே மீன் கொடுக்கப் போனபோது, சமையற்காரன் நஜாத் சூரை மீன் துண்டுகளை வாட்டி, அதன் மேல் கறுப்பாக, மினுமினுப்பாக ஏதோ ஊற்றிக்கொண்டிருந்தான். தெரியாக்கி சோஸாம், ஜப்பான்காரருடைய சாமானாம். போத்தலில் வருவது கிடைக்காததால் தானே காய்ச்சுகிறானாம். சோயா சோஸ், சிவப்புச் சீனி, இஞ்சி, உள்ளி, மிரின் என்ற ஜப்பான் மதுவுக்குப் பதிலாகத் தென்னம் வினாகிரி. கடைசியில் கொஞ்சம் சோளமா கரைத்து விட்டால் சரி. எல்லாமாகப் பதினைந்து நிமிடம்.

அந்தப் பதினைந்து நிமிடத்தை நிக்கொலஸ் வழியிலேயே விட்டுவிட்டு வந்தான்.

"தெரியாக்கியோ?" என்று கேட்டாள் பிரான்சிஸ்கா, நெத்தலி காயப் போட்டபடி. "சமைக்கத் தெரியாத ஆக்கள் ஆக்கிறதோ?"

நிக்கொலஸ் பொறுமையாக விளக்கினான். இது பெரிய தொழில். காய்ச்சுவது சின்ன வேலை, காவல் இருப்பதுதான் பெரிது. சட்டியில் ஊற்றித் துணியால் வேடு கட்டி இருபத்தொரு நாள் வைக்க வேண்டும். பகல் முழுக்க மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கிண்ட வேண்டும். கிண்டுகிற கை ஒரே கையாக இருக்க வேண்டும். அந்தக் கையில் மீன் வாடையே படக் கூடாது. பட்டால் சோஸ் புளித்துப் போகும். ஆகவே, மிகுந்த மனவருத்தத்தோடு, மூன்று கிழமைக்குத் தான் கடலுக்குப் போக முடியாது.

பிரான்சிஸ்கா தலையாட்டினாள். நெத்தலியைக் கிளறிவிட்டு, கொட்டிலுக்குள் நிழல் விழும் இடம் பார்த்துச் சாய்மனைக் கதிரையை அவளே இழுத்துப் போட்டாள். நிக்கொலஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் ஐந்து நாள் சொர்க்கம். ஒரு சட்டி, ஒரு அகப்பை, ஒரு கதிரை. கிண்டினால் கிண்டினான், இல்லாவிட்டால் இல்லை. படகில் அவனுடைய இடத்துக்கு நிரோஷன் யாரையோ கூட்டிக்கொண்டு போனான். பங்கு மீனைக் கபானாவுக்குக் கொண்டுபோவது பிரான்சிஸ்காவின் பாடாயிற்று, இவன் கைதான் மீனில் படக் கூடாதே. ஒரேயொரு குறை, சாப்பாடு. மீனைப் பிசைந்து தின்ற கையால் எப்படிக் கிண்டுவீர்கள் என்று கேட்டுவிட்டு, மூன்று நேரமும் பருப்பும் சோறும் போட்டாள். அவளும் பிள்ளைகளும் குசினிக்குள் இருந்து இறால் பொரியல் சாப்பிட்டார்கள். வாசம் மட்டும் கொட்டிலுக்கு வந்து போனது.

ஆறாம் நாள் ஓர் ஓட்டோ வாசலில் வந்து நின்றது. உள்ளே பிரான்சிஸ்கா. அவளைச் சுற்றி, மடியில், காலடியில், சாரதிக்குப் பக்கத்தில், எல்லாம் மண்சட்டி. முந்தல் சந்தையில் வாங்கியதாம். இருபது.

"நஜாத் தம்பியிட்ட உங்கட சோஸைப் பற்றிச் சொன்னனான்," என்றாள் இறங்கிக்கொண்டே. "அவர் வைக்கிறது சும்மா அவசரச் சாமானாம். இருபத்தொரு நாள் வைக்கிறதை அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். சீசன் முழுக்க அதுதான் வேணுமாம். பக்கத்துக் கபானாக்காரரும் கேக்கினம்."

பின்னால் இன்னோர் ஓட்டோவில் சோயா சோஸ் கான்கள் வந்தன. நஜாத்தே அனுப்பியிருந்தான். இஞ்சி ஒரு சாக்கு.

ஒரு சட்டிக்கே தன் கவனம் முழுக்கப் போகிறது, தரம் கெட்டுவிடும் என்று நிக்கொலஸ் சொல்லிப் பார்த்தான். அதற்குத்தான் ஒரே கை வேண்டும் என்று நீங்களே சொன்னீர்களே, வேறு யாரை விட முடியும் என்று அவள் கவலைப்பட்டாள். நியாயமான கவலை. நிக்கொலஸ் இஞ்சி சுரண்ட உட்கார்ந்தான். மத்தியானத்துக்குள் விரல் நுனியெல்லாம் எரிந்தது. பின்னேரம் இருபத்தொரு சட்டியும் வேடு கட்டிக்கொண்டு கொட்டிலில் வரிசையாக நின்றன.

அடுத்த நாள் விடிந்ததும் கணக்கு விளங்கியது. ஒரு சட்டியின் வேட்டை அவிழ்த்து, கிண்டி, திரும்பக் கட்ட இரண்டரை நிமிடம். இருபத்தொரு சட்டிக்கு ஐம்பத்திரண்டு நிமிடம். மிச்ச எட்டு நிமிடத்தில் கதிரையில் சாய்ந்து, நாரி கதிரையைத் தொடுவதற்குள், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி பிரான்சிஸ்கா குசினியிலிருந்து "நேரமாச்சு" என்பாள். குரலில் கோபம் இல்லை. கோயில் மணி அடிக்கிற மாதிரி, மணித்தியாலத்துக்கு ஒரு தரம். கிண்டாமல் விடலாம் என்றால், அக்கம்பக்கத்துப் பெண்கள் இந்த அதிசயத்தைப் பார்க்க வரத் தொடங்கிவிட்டார்கள். வந்தவர்கள் கதிரையில் இருந்தார்கள்.

இருபது சட்டி வந்த மூன்றாம் நாள் அவனுக்குக் கடல் ஞாபகம் வந்தது. கடலில் வலை போட்டபின் ஒரு மணித்தியாலமாவது சும்மா இருக்கலாம். யாரும் நேரமாச்சு என்று சொல்வதில்லை. படகின் முன்பக்கத்து அணியத்தில் சாய்ந்து பொரித்த மீனும் பாணும் தின்னலாம். மூன்றாம் சுற்றில், பதினான்காம் சட்டியில், அகப்பையைச் சட்டிக்குள் போட்டான். அதை அப்படியே விட்டுவிட்டு நிலத்தில் குந்தினான்.

பிரான்சிஸ்கா வெளியே வந்து பார்த்தாள்.

"பதினைஞ்சு நிமிசம்," என்றான் நிக்கொலஸ். "காய்ச்சி இறக்கினால் முடிஞ்சுது. இருபத்தொரு நாளும் இல்லை, ஒண்டும் இல்லை."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"நான் முதல் முதல் மீன் கொண்டுபோன அண்டைக்கே நஜாத் தம்பி சொன்னவர். சிரிச்சுச் சிரிச்சு அவருக்கு இருமல் வந்திட்டுது."

நிக்கொலஸ் இருபத்தொரு சட்டியையும் ஒருமுறை பார்த்தான். "அப்ப ஏன் நீ சொல்லேல்லை?"

"நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

பிறகு நிக்கொலஸ், மண்ணைப் பார்த்தபடி, இத்தனை வருடத்தில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னான். நாரி நோகிறது. படகு தள்ளும்போது கண் இருட்டுகிறது. நிரோஷனுக்கு முன்னால் காட்ட வெட்கமாக இருந்தது.

பிரான்சிஸ்கா அவனைக் கொஞ்சம் பார்த்தாள். உள்ளே போய் எண்ணெய் சுட வைத்துக்கொண்டு வந்தாள். கதிரையில் தூங்கிப்போயிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை எழுப்பி அனுப்பிவிட்டு, கொட்டிலுக்குள் பாய் போட்டு அவனைக் குப்புறப் படுக்கச் சொன்னாள். கை பதமாக இறங்கியது. சூடு எலும்பு வரை போனது.

"இதை அண்டைக்கே சொல்லியிருந்தா, ஒரு மாசம் வீட்டில நில்லுங்க எண்டு நானே சொல்லியிருப்பனே," என்றாள். குரல் உண்மையாகவே இளகியிருந்தது.

நிக்கொலஸ் கண்ணை மூடினான். உலகத்தில் தன்னைப்போல அதிர்ஷ்டக்காரன் இல்லை என்று தோன்றியது. ஒரு மாதம். உள்ளதைச் சொல்வது இவ்வளவு லேசு என்று தெரிந்திருந்தால் எவ்வளவு இஞ்சி மிச்சப்பட்டிருக்கும். "இப்ப சொல்லிட்டன்தானே," என்றான் பாயோடு பாயாக.

"ஓம். ஆனா இப்ப ஏலாதே," என்றாள் பிரான்சிஸ்கா, இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி. "உங்கட சோஸில ஒரு போத்தல் குடுத்துப் பாத்தனான், நல்லாயிருக்கெண்டு கபானாக்காரர் எல்லாரும் சூரையைக் கூட்டிக் கேட்டிருக்கினம். நாளையிலயிருந்து காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா கடலுக்குப் போறீங்க. நிரோஷனிட்டச் சொல்லியாச்சு."