காலைக் குளிரில் எங்கள் காரும் மாத்தளைக்காரர் மீசையும்

கார் வாங்கினால் ஒரு குடும்பத்தின் மரியாதை கூடும் என்பது உண்மைதான். எங்கள் வீட்டில் அது காலை ஒன்பது மணிக்கு மேல்தான் கூடியது. அதற்கு முன் கார் ஓடாது.

பதுளைக் கடைத்தெருவில் அப்பாவுக்குத் துணிக்கடை; பின்கட்டில் வீடு. தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடம் அந்தக் காரை வாங்கினார். துரை அதில் ஓட்டவேண்டிய ஓட்டமெல்லாம் ஓட்டி முடித்திருந்தார். மத்தியானத்தில் ராஜா மாதிரி போகும். பனி இறங்கிய காலையில் மட்டும், டிரைவர் கருப்பையா முன்னால் குனிந்து கைப்பிடியைச் சுற்றினால், எஞ்சின் இரண்டு தரம் இருமும், உடம்பெல்லாம் நடுங்கும், பிறகு படுத்துவிடும். சூடேறிவிட்டால் அப்படியொரு வியாதி இருந்ததே தெரியாது.

நான் அப்போதுதான் கொழும்பில் மருந்து கலக்கும் படிப்பை முடித்து, ஊரிலேயே ஒரு டிஸ்பென்சரியில் சேர்ந்திருந்தேன். குறி, காரணம், மருந்து என்று வரிசைப்படுத்தாமல் ஒரு பல்வலியைக்கூட அணுகமாட்டேன். (சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டியவள் நான். "எனக்கு மஞ்சளுக்கும் மல்லிக்கும் வித்தியாசம் தெரியாதாடி?" என்று அம்மா ஒரு வாரம் பேசவில்லை.)

ஆகவே காரையும் நோயாளியாகச் சேர்த்துக்கொண்டேன். பிளக்குகளைக் கழற்றிக் கரியைச் சுரண்டினேன். பெட்ரோலைத் துணியில் வடிகட்டினேன்; தண்ணீர் கலக்கவில்லை. கம்பிகளின் ஈரத்தைத் துடைத்தேன். நடுக்கம் அப்படியே இருந்தது. அடுத்து, எஞ்சின் இழுக்கக்கூடாத இடத்தில் எங்காவது காற்றை இழுக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதற்குள் அக்கா பார்வதியைப் பெண் பார்க்க மாத்தளையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா மிளகு வியாபாரி. முதலில் மீசை வந்தது, பின்னால் அவர் வந்தார், அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை வந்தார். மடத்தில் இரவு தங்கிவிட்டு, விடிந்ததும் நல்ல நேரத்தில் பெண் பார்த்தார்கள். காப்பி மட்டும் குடித்தார்கள். சம்மதம் சொல்லும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பதில் மாத்தளைக்காரர் கறாராக இருந்தார். அம்மா நீட்டிய இட்லியைச் சுங்க அதிகாரிபோல் பார்த்தார்.

"ஊருக்குப் போய்க் கடுதாசி போடுறோங்க" என்றார்.

அக்கா ஏற்கெனவே இரண்டு பேரிடம் இதைக் கேட்டிருக்கிறாள். அந்தக் கடுதாசிகள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன.

அப்பா முகம் வெளுத்தாலும் விடவில்லை. ரயில் அப்போது பதுளைக்கு வரவில்லை. "பண்டாரவளை ஸ்டேஷன் வரைக்கும் நம்ம கார்லயே போயிருவோங்க" என்றார். வழியில் எப்படியாவது பேசிச் சம்மதம் வாங்கிவிடலாம் என்று அவர் கணக்கு. என்னைப் பின்பக்கம் இழுத்துப்போனார். "இன்னிக்கு மட்டும் அது இருமிச்சுன்னா, காரையே கட்டி மேய்க்கத் தெரியாதவங்கன்னு போயிருவாங்க. ஏதாச்சும் செய்ம்மா!"

நான் வரிசையைத் தாண்டிக் குதித்தது அன்றுதான். குளிரில் பெட்ரோல் ஆவியாக மறுக்கிறது. டிஸ்பென்சரியிலிருந்த ஈதரோ மூடியைத் திறந்தாலே ஆவியாகும், பொறி பட்டாலே பற்றும். ஆகவே எஞ்சினுக்கு ஈதர். மிக அழகான தர்க்கம். புட்டியைக் கொண்டுவந்து எஞ்சின் தலையிலிருந்த துவாரங்களில் ஊற்றினேன். அவசரத்தில் உள்ளே போனதைவிட வெளியே வழிந்தது அதிகம்.

"என்னம்மா வாடை இது?" என்று மாத்தளைக்காரர் வந்தார்.

"மருந்துங்க மாமா."

"காருக்குமா?"

"குளிருக்குங்க."

"நான் பாக்காத எஞ்சினா! தள்ளும்மா" என்று மீசையோடு உள்ளே குனிந்தார்.

அந்த நேரம் பார்த்து அம்மா தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்தாள். நல்ல காரியத்துக்குப் போகும் காருக்குத் திருஷ்டி சுற்றாமல் விடமாட்டாள். என் வரிசையில் எல்லாம் இருந்தது, அம்மா இல்லை.

"அம்மா, வேணாம்! கிட்ட வராதீங்க!"

"நல்ல காரியத்துல வேணாம்னு சொல்லாதடி!" என்று அம்மா இன்னும் கிட்ட வந்து சுற்றினாள்.

'பொப்' என்று ஒரு சத்தம். நீலமாக ஒரு வெளிச்சம். கருப்பையா கோணியைப் போட்டு அமுக்கிவிட்டார். அம்மா தட்டைக்கூடக் கீழே விடவில்லை. நான் நிதானமாக மாத்தளைக்காரரைப் பரிசோதித்தேன். தோல், சேதமில்லை. புருவம், சேதமில்லை. மீசை, வலது பக்கம் மட்டும்.

"பாப்பா, இப்ப சுத்துனா கெளம்பும்னு நெனைக்கிறேன்" என்றார் கருப்பையா.

அப்பா நாவிதருக்கு ஆளை ஓட்டினார். நாவிதர் வந்து மிச்ச மீசையையும் எடுத்தார். மாத்தளைக்காரர் கண்ணாடியைப் பார்த்தார், பிறகுதான் அலறினார்.

"எங்கப்பா மாத்தளையில கல்லு மாதிரி இருக்காரு! நான் இப்படிப் போய் ரயில்ல இறங்கினா, வீடு போய்ச் சேர்றதுக்குள்ள பந்தல் போட்டுருவானுங்க!"

நியாயமான பயம். பெற்றவர் செத்தால்தான் எங்களில் ஆண்பிள்ளை மீசையை எடுப்பான். மடத்துக்கும் போகமுடியாது; அங்கேயும் துக்கம் விசாரிப்பார்கள். ஆகவே துணிக்கடைக்குப் பின்னாலிருந்த அறையில் மகனோடு உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். காப்பி போனது. மறுபடி காப்பி போனது. உச்சிவேளையில் அக்கா கத்தரிக்காய்க் குழம்புக்குத் தாளித்தாள். (அறை ஜன்னலுக்கு நேராக அடுப்பை மாற்றி வைத்தது அவள்தான் என்று இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.)

உள்ளே மாத்தளைக்காரரும் மகனும் சண்டைபோடும் சத்தம் கேட்டது. "நீங்க வேணா மீசை மொளைக்கிற வரைக்கும் காப்பி குடிங்கப்பா. எனக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு, பசிக்கவும் செய்யுது!"

கதவு திறந்தது.

"சம்பந்தி, கை கழுவத் தண்ணி கொண்டாரச் சொல்லுங்க."

அப்பா தண்ணீர்ச் செம்போடு ஓடியதில் வேட்டி தடுக்கி விழப்பார்த்தார்.

மீசை ஓரளவு முளைக்கும்வரை மாமா எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஒரு குளிர்காலையில் அவர் தாடை மழிக்கக் கலக்கிய சோப்பு நுரையில் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். கருப்பையா எஞ்சினைக் கெஞ்சிக் கெஞ்சி ஓடவைக்க, கார்பரேட்டர் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் நுரையைப் பூசினேன். ஒரு மூலையில் நுரை சர்ரென்று உள்ளே போயிற்று. இணைப்பு அட்டை சுருங்கி, குளிரில் அந்த வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. புது அட்டை வெட்டி அரக்குப் பூசி இறுக்கினேன். நடுக்கம் போயே போயிற்று. (கண்டுபிடித்தவர் மாமா என்பது மாத்தளை வரலாறு. நுரை அவருடையதுதானே.)

கல்யாணத்தன்று இந்தக் கதையை மாப்பிள்ளை பந்தலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். போன வருஷம், கடல் தாண்டித் தாய்நாட்டுக்குப் போயிருந்த மாமாவின் தகப்பனார் அங்கேயே காலமானதாகத் தந்தி வந்தது. மாமா மீசையை எடுத்துவிட்டு மாத்தளைக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லையாம். போகிறவர் வருகிறவரெல்லாம் சிரித்துக்கொண்டே, "என்ன முதலாளி, பதுளைக்குப் போயிட்டு வந்தீங்களா? கார் கெளம்பிச்சா?" என்று கேட்டார்களாம்.

கடைசியில் தெருமுனையில் ஓர் ஆளை நிறுத்தி, "இது நெசமான சாவு" என்று சொல்லி அனுப்பவேண்டியிருந்ததாம்.